மஸ்திகா ஊர்களுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கிரேக்கத் தீவு என்றாலே சாந்தோரினியின் வெள்ளை வீடும் நீலக் கும்மட்டமும்தான் பலருக்கு ஞாபகம் வரும். கியோஸ் தீவின் தெற்கில் இருக்கும் பிர்கி, மெஸ்தா போன்ற ஊர்கள் அந்த ரகம் இல்லை. இவை மஸ்திகாப் பிசின் விளையும் ஊர்கள், மொத்தம் 24. நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்று விற்கிறார்களே, அதே சரக்குதான். இன்றும் அந்தப் பிசினை வைத்துத்தான் இங்கே பிழைப்பு நடக்கிறது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதை மறந்துவிடுவதுதான் முக்கால்வாசித் தவறுகளுக்குக் காரணம்.

முதல் தவறு, உச்சி வெயிலில் போய் இறங்குவது. கியோஸ் நகரத்திலிருந்து பிர்கி சுமார் 25 கிலோமீட்டர். காலையில் மெதுவாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போய்ச் சேரப் பன்னிரண்டு ஆகிவிடும். இரண்டு மணிக்கு மேல் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். கோடையில் மூன்றிலிருந்து ஐந்தரை வரை ஊரே கண்ணயரும் நேரம், அப்போது சத்தம் போடக்கூடாது என்பது அங்கே சட்டமும்கூட. அந்த நேரத்தில் சுற்றிவிட்டு, ‘ஆளே இல்லாத ஊர்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். ஆறு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள், நாற்காலிகள் எல்லாம் தெருவுக்கு வந்திருக்கும். முடிந்தால் ஓர் இரவு தங்குவதே நல்லது. பேருந்துகள் குறைவு, திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கார் எடுப்பதானால் இந்திய உரிமம் மட்டும் போதாது, சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் நம் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

அந்தக் காரை ஊருக்குள் ஓட்டிப் பார்ப்பது அடுத்த தவறு. இத்தாலியின் ஜெனோவாக்காரர்கள் 1346 முதல் 1566 வரை இந்தத் தீவை ஆண்டார்கள். அவர்கள் காலத்தில் கடற்கொள்ளையர் பயத்தில் கட்டப்பட்ட ஊர்கள் இவை. மெஸ்தாவில் ஓரத்து வீடுகளின் பின்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஊருக்குக் கோட்டைச் சுவராகிவிட்டன. உள்ளே சந்துகள் வளைந்து வளைந்து போகும், பாதிக்கு மேல் கல் வளைவு கவிந்திருக்கும். அந்நியன் வழி தவற வேண்டும் என்றே போட்ட தெரு, கைபேசி வரைபடம் மட்டும் என்ன செய்துவிடும்? வண்டியை வெளியே விட்டுவிட்டு நடங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: சந்து என்று நினைத்து நுழைந்தது யாரோ வீட்டு முற்றமாக இருக்கலாம். வளைவுக்கடியில் நின்று உரக்கப் பேசினால் படுத்திருப்பவர் காதுக்குள்தான் போய் விழும்.

பிர்கியின் அடையாளம் அதன் வீட்டுச் சுவர்கள். கருமணல் சாந்து பூசி, மேலே வெள்ளையடித்து, முள்கரண்டி போன்ற கருவியால் சுரண்டிச் சுரண்டி வட்டமும் முக்கோணமும் எடுப்பார்கள். கோலத்தைச் சுவரில் நிற்க வைத்ததுபோல் இருக்கும். அதில் முதுகைச் சாய்த்து, காலை மடக்கி வைத்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேமராவைக் காட்டித் தலையசைத்தால் போதும், புரிந்துகொள்வார்கள். அவர் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து ‘ட்ச்’ என்றால் வேண்டாம் என்று பொருள். இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பெரிய தவறு ஊருக்குள் நடப்பதில்லை, தோப்பில் நடக்கிறது. கோடையில் ஒவ்வொரு மஸ்திகா மரத்தின் அடியையும் பெருக்கிச் சமன் செய்து, வெள்ளைச் சுண்ணாம்புப் பொடியைத் தூவி வைத்திருப்பார்கள். அப்புறம்தான் பட்டையில் சின்னச் சின்னக் கீறல்கள் போடுவார்கள். பிசின் சொட்டுச் சொட்டாக அந்த வெள்ளைத் தரையில் விழுந்து, இரண்டு மூன்று வாரம் கிடந்து இறுகும். அழகாக இருக்கிறதே என்று செருப்புக் காலோடு அதன்மேல் ஏறி நின்றால் சருகும் மண்ணும் பிசினில் ஒட்டிக்கொள்ளும். அறுவடைக்குப் பிறகு பெண்கள் கூடி உட்கார்ந்து, சிறு கத்தி முனையால் ஒவ்வொரு துணுக்காக அந்த அழுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் நடக்கும் வேலை அது. நாம் ஒரு நிமிடம் நின்று எடுத்த படத்துக்கான விலையை அவர்கள் கொடுக்கிறார்கள். தொங்கும் சொட்டைக் கிள்ளுவதும் கூடாது, அது ஒருவருடைய விளைச்சல். பார்க்க ஆசையாக இருந்தால் தோப்புக்காரர்களே கூட்டிப்போய்க் காட்டும் சுற்றுலாக்கள் உண்டு. சிகரெட்டைப் பற்றி இரண்டாவது பேச்சே வேண்டாம். 2012 ஆகஸ்டில் பிடித்த தீயில் மஸ்திகாத் தோப்புகள் நிறையக் கருகிப்போயின, 2025லும் தீவு மறுபடி எரிந்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். மஸ்திகாவை வாயில் போட்டதும் கசந்து நொறுங்கும். அங்கேயே துப்பிவிடுகிறார்கள். கொஞ்சம் மென்றால் பதமாகி வாசனை எழும். ‘நீர்மூழ்கி’ என்று ஒன்று தருவார்கள்: குளிர்ந்த தண்ணீர்த் தம்ளருக்குள் ஒரு கரண்டி நிறைய வெள்ளை இனிப்பு. அதைக் கலக்கிக் குடிக்கக் கூடாது, கரண்டியை நக்கி நக்கித் தின்றுவிட்டுத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். சைவக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: ஆகஸ்ட் 1 முதல் 14 வரை மாதாவுக்கு விரதம், இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாத பதார்த்தங்கள் நிறையக் கிடைக்கும். ஆனால் அவர்கள் விரதத்தில் ஆக்டோபஸுக்கும் இறாலுக்கும் தடை இல்லை. ‘விரதச் சாப்பாடு’ என்றதும் நம்பிவிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். 15ஆம் தேதி திருவிழா, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்புவார்கள், முன்பதிவு இல்லாமல் அறை கிடைப்பது கஷ்டம்.

சில்லறை விஷயங்கள்: ‘ஐந்து’ என்று காட்ட விரல்களை விரித்து உள்ளங்கையை எதிராளியின் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், அங்கே அது கெட்ட வசவு. தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், பலிபீடத்தை மறைத்து நிற்கும் படத்திரைக்குப் பின்னால் போக வேண்டாம். எம்போரியோஸ் பக்கத்துக் கடற்கரையில் கருங்கூழாங்கல் கண்ணைப் பறிக்கும், பையில் போட்டுக்கொள்ளத் தடை இருக்கிறது.

நினைவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கல்லுக்குப் பதில் மஸ்திகாவையே வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள், துணுக்குகள் ஒன்றாக ஒட்டிக் கட்டியாகிவிடும். வீட்டுக்கு வந்து பாயசத்தில் போடுவதானால் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்து, ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்து இடியுங்கள். அப்படியே இடித்தால் உரலிலிருந்து அதைப் பிய்த்தெடுப்பதற்குள் பாயசம் ஆறிவிடும்.