ஒன்பது தாளம் என்றால் ஒன்பது தலை இல்லை

சிற்ப சாஸ்திர அளவுப்படி படிமம் வரையவோ மெழுகில் பிடிக்கவோ தொடங்குகிறவர்களுக்கு இது. கோடு நடுங்குவது, மெழுகில் விரல் தடம் விழுவதெல்லாம் பழகப் பழகப் போய்விடும். கீழே உள்ள தவறுகள் அப்படிப் போகாது.

முகத்தைத் தலையாக எண்ணுவது

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் விழும் குழி இதுதான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. நவதாளம் என்று படித்ததும் உயரத்தை ஒன்பதாக மடித்து, மேல் மடிப்புக்குள் முழுத் தலையையும் அடைத்துவிடுகிறார்கள். ஒரு தாளம் என்பது நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை, அதாவது முகம் மட்டும்.

54 செ.மீ. உயரப் படிமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நவதாளத்தில் அந்த உயரத்தை 108 பங்காகப் பிரிக்கிறார்கள், ஒரு பங்குதான் இங்கே அங்குலம். ஓர் அங்குலம் 5 மி.மீ. பரவலான ஒரு கணக்கில் முகம் 12 அங்குலம். கழுத்தடியிலிருந்து மார்பு, மார்பிலிருந்து தொப்புள், தொப்புளிலிருந்து பிறப்புறுப்பு, ஒவ்வொன்றும் 12. தொடை 24, கணுக்கால் வரை கீழ்க்கால் 24. உச்சி, கழுத்து, முழங்கால், பாதம் தலா 3. கூட்டினால் 108.

ஆக முகம் 6 செ.மீ., உச்சியோடு சேர்த்துத் தலை 7.5 செ.மீ. மொத்த உயரம் ஏழு தலைக்குச் சற்றே மேல். ஒன்பது தலை என்று போட்டவரின் தலையோ 6 செ.மீ.தான். கண் ஒடுங்கும், கழுத்து கொக்குபோல் நீளும், தேவி துணிக்கடை பொம்மையாகிவிடுவாள். அதை மறைக்க மகுடத்தை உயர்த்துவார்கள். மகுடம் இந்தக் கணக்கிலேயே இல்லை. மெழுகாக இருக்கும்வரை திருத்தலாம். கனமாக வார்த்த பிறகு உருக்கத்தான் வேண்டும்: கரி, கூலி அத்தனையும் வீண்.

இதில் நம் மரபு தனியானதும் இல்லை. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், மோவாயிலிருந்து முடிவரம்பு வரை உயரத்தில் பத்தில் ஒன்று, உச்சி வரை எட்டில் ஒன்று என்று இரண்டையும் பிரித்தே சொன்னார். பழைய எகிப்தில் நிற்கும் உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து முடிவரம்பு வரை 18 கட்டங்கள். அதற்கு மேலிருக்கும் மகுடம் உருவத்துக்கு உருவம் மாறும். அளவைத் தொடுவதற்கு முன் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

ஸ்கேலில் உள்ள அங்குலத்தை எடுப்பது

கூடாது. படிமத்தின் உயரத்திலிருந்து பிறப்பதே அதன் அங்குலம். சுவாமிமலைச் சிற்பிகள் தென்னை ஓலையைப் படிமத்தின் உயரத்துக்கு நறுக்கி மடிப்பது அதற்காகத்தான்.

திரிபங்கத்தைத் தூக்குநூலில் அளப்பது

உடல் மூன்று இடத்தில் வளையும்போது செங்குத்து உயரம் குறையும். உறுப்பு உறுப்பாக, வளைவின் போக்கிலேயே அளந்து கூட்டுங்கள். தூக்குநூல் சாய்வைப் பார்க்க மட்டும்.

சோழர் செப்புத் திருமேனிக்கு வயிற்றுத் தசை வரைவது

வேண்டாம். அந்த உடலின் அழகு மூச்சு நிறைந்து நிற்கும் வழவழப்பான பரப்பில் இருக்கிறது.

புகைப்படத்திலிருந்து அளவெடுப்பது

பீடத்துக்குக் கீழிருந்து எடுத்த படத்தில் கால் நீளும், தலை சிறுக்கும். வேறு வழியே இல்லையென்றால், தொப்புள் மட்டத்தில் கேமராவை வைத்து நன்றாகத் தள்ளி நின்று எடுத்த படமாக இருக்கட்டும்.