ஜிஆர்இ வெர்பல்: சொற்பட்டியலை மட்டும் நம்பிக் கவிழாதீர்கள்

பிரிக்பீல்ட்ஸிலோ ஜார்ஜ்டவுனிலோ யாராவது கைமாற்றிய ஜிஆர்இ (பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான தேர்வு) புத்தகம் கிடைத்தால், முதலில் அது அச்சான ஆண்டைப் பாருங்கள். எதிர்ச்சொல்லும் ஒப்புமையும் தனிக் கேள்விகளாக வந்தால் அது 2011க்கு முந்தியது, ஓரமாக வைத்துவிடலாம். பிரிவுக்கு 20 கேள்வி, 30 நிமிடம் என்றிருந்தால் 2023 செப்டம்பருக்கு முந்தியது. கேள்விகள் இன்னும் பயன்படும், நேரக்கணக்குதான் உதவாது. இப்போது ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பலின் முதல் பிரிவில் 12 கேள்விக்கு 18 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 23 நிமிடம். பயிற்சியிலும் கடிகாரத்தை இப்படியே வையுங்கள்.

அடுத்த தவறு சொற்பட்டியல். எல்ஆர்டி ரயிலில் போகும்போதும் வரும்போதும் அட்டையைப் புரட்டி நாளுக்கு ஐம்பது சொல் என்று உருப்போடுகிறார்கள். உழைப்பில் குறையில்லை, எழுதி வைக்கும் பொருளில்தான் கோளாறு. ‘ஃப்ரூகல்’ என்பதற்கும் ‘பார்சிமோனியஸ்’ என்பதற்கும் எதிரே ‘செலவு செய்யாதவர்’ என்று ஒரே பொருளை எழுதிவிடுகிறார்கள். தமிழில் இந்த வேறுபாடு நமக்கு நன்றாகவே தெரியும். சிக்கனக்காரர் என்றால் மகிழ்வார். கஞ்சன் என்றால் சண்டைக்கு வருவார். முதல் சொல்லுக்குச் சிக்கனம், இரண்டாவதற்குக் கஞ்சத்தனம் என்று எழுதி, பக்கத்தில் புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று ஒரு குறி போடுங்கள். ஒரு வாக்கியமும் சேருங்கள். நாளுக்குப் பத்துச் சொல் போதும், மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் திரும்பப் பார்ப்பதானால்.

தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். கோலாலம்பூர் அலுவலகங்களில் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதை ‘ரிவெர்ட்’ என்பார்கள். தேர்வில் அதற்குப் பழைய நிலைக்கே திரும்புதல் என்று பொருள். ‘குவாலிஃபைட்’ என்றதும் தகுதி பெற்றவர் நினைவுக்கு வருவார்; ஆனால் ‘குவாலிஃபைட்’ பாராட்டு என்றால் ‘நன்றாக இருக்கிறது, ஆனால்…’ என்று இழுக்கும் அரைமனதான பாராட்டு. ‘டெம்பர்’, ‘செக்’, ‘அரெஸ்ட்’, ‘வான்ட்’ ஆகியவற்றுக்கும் இப்படி இரண்டாம் முகம் உண்டு. எளிய சொல்தானே என்று தாண்டிப் போகாமல் அகராதியில் கடைசிப் பொருள்வரை படியுங்கள்.

சென்டென்ஸ் இக்விவலன்ஸ் கேள்வியில், கோடிட்ட இடத்தில் வைத்தால் வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களை ஆறு விருப்பங்களிலிருந்து தேர்வு செய்ய வேண்டும். பலர் வாக்கியத்தைப் படிக்கும் முன்பே இணைச்சொற்களைத் தேடுகிறார்கள். தமிழிலேயே பாருங்கள்: “வழக்கத்துக்கு மாறாக அன்று தலைவர் ______ பேசினார், ஐந்தே நிமிடத்தில் மேடையை விட்டு இறங்கிவிட்டார்.” விருப்பங்கள்: காரசாரமாக, சுருக்கமாக, உருக்கமாக, காட்டமாக, நறுக்கென்று, குழப்பமாக. காரசாரமும் காட்டமும் ஜோடியாகக் கண்ணடிக்கும். ஆனால் வாக்கியம் தரும் ஒரே தடயம் ‘ஐந்தே நிமிடம்’; அதற்குப் பொருந்துபவை சுருக்கமாக, நறுக்கென்று. விருப்பங்களைக் கையால் மறைத்துக்கொண்டு, கோடிட்ட இடத்துக்கு உங்கள் சொல்லை முதலில் போட்டிருந்தால் அந்த ஜோடி ஏமாற்றியிருக்காது. ஒன்று முதல் மூன்று கோடிட்ட இடங்களை நிரப்பும் டெக்ஸ்ட் கம்ப்ளீஷனுக்கும் இதே வழிதான். அங்கே முதல் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. தடயம் தெளிவாக உள்ள கோட்டை முதலில் நிரப்புங்கள்.

பத்தி வாசிப்பில், முவெட்டில் (மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு) நல்ல பேண்ட் வாங்கியவர்களும் சறுக்குவது சொந்த அறிவால். பத்தி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பிறகு அங்குள்ள பழைய கடைவீடுகள் சில ஹோட்டல்களாயின.’ இதிலிருந்து எதை ஊகிக்கலாம்? ‘பட்டியலில் சேர்ந்ததால் வாடகை ஏறியது’ என்ற விருப்பத்தைப் பினாங்குக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தொடுவார். பத்தியில் வாடகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்றும் இல்லை. ‘அக்கடைவீடுகளில் சிலவற்றின் பயன்பாடு 2008க்குப் பின் மாறியது’ என்ற சப்பென்ற விருப்பம்தான் விடை. விடைக்கு ஆதாரமான வரியை விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அதைத் தொடாதீர்கள்.

இனி நேரம். ஒரே பிரிவுக்குள் எல்லாக் கேள்விக்கும் சம மதிப்புதான். மூன்று கோட்டுக் கேள்வியில் இரண்டு சரியானாலும் மதிப்பெண் கிடையாது. கண்ணை மூடி அடித்தால் 27இல் ஒரு வாய்ப்பு. ஒற்றைக் கோட்டுக் கேள்வியில் 5இல் ஒன்று. இருந்தும் மூன்று கோட்டில் மூன்று நிமிடம் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் எளிய கேள்விகளைப் படிக்காமலே விடுகிறார்கள். ஒன்றரை நிமிடத்தில் பிடி கிடைக்காவிட்டால் எதையாவது தேர்ந்து, குறியிட்டு, நகருங்கள். அதே பிரிவுக்குள் திரும்பி வரலாம். பிரிவு முடிந்தால் வர முடியாது. தவறான விடைக்குக் கழிவு இல்லை, எனவே எதையும் காலியாக விடக் கூடாது. முதல் பிரிவில் செய்வதைப் பொறுத்துத்தான் இரண்டாவதின் கடினம் அமையும் என்பதால் முதல் பிரிவை வார்ம்-அப்பாக நினைப்பதும் ஆபத்து.

ஜிஆர்இயை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் பவர்பிரெப் முழுப் பயிற்சித் தேர்வுகள் இரண்டே இரண்டு. அவற்றை முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். ஒன்றைத் தொடக்கத்தில் எழுதி நிலையைப் பாருங்கள். மற்றதைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு எழுதுங்கள். தவறியவற்றை ‘சொல் தெரியவில்லை’, ‘தடயத்தைத் தவறவிட்டேன்’, ‘பத்தியில் இல்லாததைச் சேர்த்தேன்’, ‘நேரம் போதவில்லை’ என நான்காகப் பிரியுங்கள். எந்தக் குவியல் பெரிதோ, மீதிப் பத்து நாளும் அதற்கே.