பழைய டிவி கேம் பெட்டிக்கு ஒரு மஞ்சள் வயர்

திருகோணமலை உவர்மலை வீட்டு அலுமாரிக்கு மேலே பதினைந்து வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த டிவி கேம் பெட்டியைப் போன மாதம் இறக்கினேன். புதிய தொலைக்காட்சியின் அன்டெனா துளையில் வயரைச் செருகிச் சனல் தேடினால், திரை முழுவதும் எறும்பு மொய்த்தது. நடுவில் எங்கோ ஓர் உருவம் குதித்தது. குதித்தது யார் என்று தெரியவில்லை. "பெட்டி செத்துவிட்டது, குப்பைக்குப் போடு" என்றார் அண்ணன். பெட்டி சாகவில்லை. அது நல்ல படத்தைத்தான் தருகிறது, வழியில்தான் கெடுகிறது.

அந்தக் காலத்துத் தொலைக்காட்சி பலவற்றில் அன்டெனா துளையைத் தவிர வேறு வாசல் கிடையாது. அதனால் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய தகர டப்பா, படத்தையும் ஒலியையும் சேர்த்து ஒரு சனலின் அலைவரிசையில் ஏற்றி அனுப்பும். தொலைக்காட்சி அதை மறுபடி பிரித்தெடுக்கும். இந்த ஏற்றி இறக்கும் வேலையில்தான் நிறம் கலங்குவதும் கோடு ஓடுவதும். தகர டப்பாவுக்குள் போகும் முன்பே படத்தைப் பிடித்து மஞ்சள் ஏ.வி. வயரில் அனுப்பிவிட்டால் போதும். சோல்டரிங் அயனை முதன்முதலாகப் பிடிப்பவருக்கும் இது இரண்டு மாலை வேலை.

முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். நாற்பது கால் கொண்ட இரண்டு பெரிய சிப்கள் இருந்து, ஒன்றில் 6527 என்றும் மற்றதில் 6538 என்றும் எண் இருந்தால் இந்த விளக்கம் உங்களுக்குத்தான். படத்தை உண்டாக்குவது 6538. சிப்புக்குப் பதிலாகக் கறுப்புத் தார்ப்பொட்டு மட்டும் இருந்தால், பின்பக்கத்தில் மஞ்சள், வெள்ளைத் துளைகள் ஏற்கெனவே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மூடிவிட்டு விளையாடப் போகலாம்.

இந்தப் பெட்டிகள் நகலெடுத்த அசல், 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியான நின்டெண்டோவின் ஃபேமிகாம். அது கையில் இருப்பவருக்கும் இதே முறைதான். அதில் பட சிப்பின் பெயர் 2சி02, கால்களின் வரிசை ஒன்றே. நம் ஊரில் அதை அன்டெனா வழியாகப் பார்ப்பது இன்னும் சிரமம். அது அனுப்பும் சனல் 90 மெகாஹேர்ட்ஸைத் தாண்டிய இடத்தில், நமது எஃப்.எம். வானொலிகள் பாடும் பரப்பில் இருக்கிறது. ஒலியையும் படத்திலிருந்து 4.5 மெகாஹேர்ட்ஸ் தள்ளி வைக்கிறது. இலங்கைத் தொலைக்காட்சியின் பால் (PAL) ஒளிபரப்பு முறை 5.5 இல் தேடும். படம் கிடைத்தாலும் சத்தம் வராது. இன்னொன்று: ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நமது 230 வோல்ட் பிளக்கில் அதைச் செருகினால் கருகிய மணம்தான் மிச்சம்.

வாங்க வேண்டியவை சில்லறைச் சாமான்கள். பி.என்.பி. வகை டிரான்சிஸ்டர் ஒன்று, 300 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 110 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, ஏ.வி. துளைகள் இரண்டு, மெல்லிய வயர். மல்டிமீட்டரை மட்டும் இரவல் வாங்கியாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு முன் ஒரு திருகோணமலைச் சடங்கு உண்டு. மூன்று பக்கமும் கடல் இருக்கும் ஊர். உப்புக்காற்று அலுமாரிக்குள்ளும் நுழையும். என் போர்டில் கேசட் செருகும் இடமும் சில இணைப்புகளும் பச்சை பூத்திருந்தன. பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "தம்பி, உப்புக் குடித்த போர்டில் ஈயம் பிடிக்காது. முதலில் கழுவு." ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் பழைய பல் துலக்கும் தூரிகையை நனைத்துத் தேய்த்தேன். பச்சை போய்ச் செம்பு தெரிந்த பிறகுதான் ஈயம் பிடித்தது. கேசட்டின் பற்களையும் அப்படியே துடையுங்கள். பாதிப் பெட்டிகள் இந்த இடத்திலேயே உயிர் பெற்றுவிடும்.

இப்போது கால்களை எண்ணுவோம். 6538 சிப்பின் ஒரு முனையில் அரைவட்டக் குழி இருக்கும். குழி மேலே வருமாறு பிடித்தால், இடப்பக்கம் மேலே இருப்பது 1ஆம் கால். அப்படியே கீழே இறங்கினால் கடைசியில் 20. அதற்கு நேர் எதிரே, வலப்பக்கம் அடியில் இருப்பது 21. அங்கிருந்து மேலே ஏறினால் உச்சியில் 40. நமக்குத் தேவையானவை மூன்றே: 20 தரை (கிரவுண்ட்), 40 ஐந்து வோல்ட், 21 படம். கேசட் போட்டுப் பெட்டியை இயக்கி, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 20இலும் சிவப்பு முனையை 40இலும் வையுங்கள். 5 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் நிறுத்தும் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டரைக் கவனியுங்கள். அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, 21ஆம் காலைப் போர்டிலிருந்து விடுவியுங்கள். சிப் சொக்கெட்டில் செருகியிருந்தால் மெல்ல நெம்பி எடுத்து, அந்த ஒரு காலை வெளியே வளைத்துவிட்டுத் திரும்பச் செருகலாம். போர்டில் நேரடியாகப் பற்றவைத்திருந்தால், போர்டை ஒட்டிக் கூரான கட்டரால் நறுக்கி மேலே தூக்குங்கள். சிப் பக்கமாக நறுக்கிவிட்டால் பற்றவைக்க மிச்சம் இருக்காது. காலை விடுவிக்காமல் அதன்மேலேயே வயரை ஒட்டினாலும் படம் வரும். ஆனால் திரையில் சிறைக்கம்பி போல மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரியும். அடுத்த கம்பிகளின் இரைச்சல் போர்டின் வழியாகப் படத்தில் ஏறுவதால் வரும் வினை அது. தகர டப்பாவுக்குப் போகும் 5 வோல்ட் இணைப்பையும் துண்டித்துவிடுங்கள். வேலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் அது படத்தில் நெளிகோடு போடும்.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்களுக்கும் பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று பெயர். தூக்கிய காலிலிருந்து ஒரு குட்டை வயர் பேஸுக்கு. கலெக்டர் தரைக்கு. எமிட்டரிலிருந்து 300 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு ஒரு கிளை. 110 ஓம் வழியாகக் கெப்பாசிட்டரின் நேர்முனைக்கு மற்றொரு கிளை. கெப்பாசிட்டரின் எதிர்முனை மஞ்சள் துளையின் நடுக்கம்பிக்கு. துளையின் வெளி வளையம் தரைக்கு. சுற்று முழுவதும் இவ்வளவுதான். கடையில் என்.பி.என். வகை டிரான்சிஸ்டர் இருக்கிறது என்று அதைத் தருவார்கள், வாங்காதீர்கள். படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று தொலைக்காட்சிக்குச் சொல்லும் துடிப்பு, மிகத் தாழ்ந்த மின்னழுத்தத்தில் கிடக்கிறது. என்.பி.என். அந்தத் தாழ்ந்த பகுதியை வெட்டிவிடும். படம் உருண்டுகொண்டே இருக்கும்.

என் ஒரு மாலையை விழுங்கியது வேறொன்று. பட்டியலில் 2என்3906 என்று எழுதிக்கொண்டு போனேன், கடையில் பிசி557 கிடைத்தது. இரண்டும் பி.என்.பி., இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, 3906இன் கால்கள் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். 557இல் அது தலைகீழ்: கலெக்டர், பேஸ், எமிட்டர். ஏ1015 வாங்கினாலோ எமிட்டர், கலெக்டர், பேஸ். நான் பார்க்காமல் பற்றவைத்தேன். திரை மங்கிச் சாம்பல் நிறத்தில் நின்றது. சிப்பைக் கொன்றுவிட்டேன் என்று ஒரு மணி நேரம் துக்கம் காத்த பிறகுதான் எழுத்தைப் படித்தேன்.

ஒலி எளிது. தகர டப்பாவுக்குள் போகும் ஒலிக் கம்பியைப் பிடித்து வெள்ளைத் துளையில் இணையுங்கள். ஒற்றை ஒலிதான், சிவப்புக்கும் வேண்டுமானால் அதிலிருந்தே ஒரு கிளை எடுக்கலாம்.

தொலைக்காட்சிப் பக்கத்திலும் சில கோளாறுகள் காத்திருக்கும். இப்போதைய பல மாடல்களில் மஞ்சள் துளை பச்சையோடு பங்கு போட்டுக்கொள்ளும். படம் கறுப்பு வெள்ளையில் வந்தால், பதறாமல் மெனுவில் கொம்போனென்ட் என்பதை ஏ.வி. என்று மாற்றுங்கள். சுற்று பிழையில்லை. 16:9 ஐ 4:3 ஆக்குங்கள், இல்லையென்றால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். கேம் மோட் இருந்தால் போடுங்கள். பொத்தானுக்கும் குதிப்புக்கும் இடையிலான தாமதம் குறையும்.

ஆட்டத்தில் அடிபட்ட பாத்திரம் மின்னும்போது சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரிந்தால் உங்கள் வேலையில் குற்றமில்லை. பெட்டி முழுப் படமாக 240 வரிகளை அனுப்புகிறது. தொலைக்காட்சி அதைப் பாதிப் படம் என்று எண்ணி இரண்டிரண்டாகக் கோத்துவிடுகிறது. மலிவான ஏ.வி.–எச்.டி.எம்.ஐ. டப்பாக்கள் பலவும் இதே தவறைச் செய்கின்றன. கூடவே படத்தையும் இழுக்கின்றன. ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போன்ற கருவி இதைச் சரியாகப் புரிந்து ஒவ்வொரு வரியையும் இரட்டிப்பாக்கும். வரியை இரட்டிப்பாக்கும் இன்னொரு கருவியான ஓ.எஸ்.எஸ்.சி. நல்லதுதான், ஆனால் மஞ்சள் வயரை ஏற்காது. இதைவிடக் கூர்மை வேண்டுமென்றால் பட சிப்போடு சேர்த்துப் பொருத்தும் என்.இ.எஸ்.ஆர்.ஜி.பி. போர்ட் இருக்கிறது. அது இரண்டாவது, மூன்றாவது பெட்டிக்கு.

மூடும் முன், தூக்கிய காலைச் சுற்றி ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். பெட்டியோடு வந்த துப்பாக்கியை அலுமாரிக்கு மேலேயே விட்டுவிடலாம். வாத்து சுடும் ஆட்டம் பழைய கண்ணாடிக் குழாய்த் திரையின் ஒளியை நம்பியே குறி பார்க்கும். என் அண்ணன் அதை நம்பாமல் நேற்றிரவு வரை சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாத்தும் விழவில்லை.