ரெண்டு டீமுக்கும் ஆடியவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

காட்பாடி ஸ்டேஷனில் ரயில் லேட்டானால் நானும் தம்பியும் விளையாடுவது இதுதான்: ரெண்டு பேஸ்பால் டீம் பெயர் சொன்னால், ரெண்டிலும் ஆடியவர்களைச் சொல்ல வேண்டும்.

ஐபிஎல் பார்ப்பவர்களுக்குச் சுலபம். சென்னை, ராஜஸ்தான் என்றால் ஜடேஜா, அஸ்வின், உத்தப்பா என்று உடனே வரும் இல்லையா, அதே மூளைதான் இங்கேயும்.

முதலில் பெரிய பெயர்களை எடுத்து, கடைசிக் காலத்தில் எங்கே போனார்கள் என்று யோசியுங்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ் ஜோடிக்கு பேப் ரூத் எல்லாருக்கும் தெரியும், 1919 டிசம்பரில் அவரை பாஸ்டன் விற்றுவிட்டது. அப்புறம் ஒப்பந்தம் முடிந்து தாங்களாகவே போனவர்கள்: வேட் பாக்ஸ் 1993-ல், ஜானி டேமன் 2006-ல், எல்ஸ்பரி 2014-ல். ரோஜர் கிளெமன்ஸ் மட்டும் நேராகப் போகவில்லை, நடுவில் டொராண்டோவில் ரெண்டு சீசன் ஆடிவிட்டுத்தான் 1999-ல் யாங்கீஸ் வந்தார். இப்படிச் சுற்றி வந்தவர்களைத்தான் நாம் மறந்துவிடுவோம்.

ஒரே ஊர் டீம்களையும் விடாதீர்கள். மெட்ஸ், யாங்கீஸ் என்றால் ஸ்ட்ராபெரி, குடன். தம்பி டிக்கெட்டின் பின்பக்கம் குடன் பெயரை எழுதிக் காட்டிய அன்று நான் தோற்றேன்.

புரூக்ளின் டாட்ஜர்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் ஒரே டீம்தான், 1958-ல் ஊர் மாறியது, அதை ரெண்டாக எண்ணாதீர்கள்.