குடியிருப்போரும் நிரலாளரும் சேர்ந்து ஊர்ச் செயலி செய்ய
முதலில் சிக்கல், பிறகுதான் செயலி. குடியிருப்போர் 5 பேர், நிரலாளர் 2 பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து, "குப்பை வண்டி எப்போது வரும்?" என்பதுபோல ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். அதற்குத் தரவு இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். பிடிஎஃப் மட்டும் கிடைத்தால் அட்டவணையைப் பிரித்தெடுப்பதிலேயே நேரம் போய்விடும், சிஎஸ்வி (அட்டவணையை நிரல் நேரடியாகப் படிக்கக்கூடிய எளிய உரைக் கோப்பு) கேளுங்கள். தரவைப் பயன்படுத்துவதற்கான உரிமத்தையும் அதைக் கடைசியாகப் புதுப்பித்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வரைபடப் புள்ளிகள் கடலில் போய் விழுகின்றனவா? பெரும்பாலும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். வரைபடத் தரவுக்கான கோப்பு வடிவமான ஜியோஜேசானில் தீர்க்கரேகைதான் முதலில். ஒரே தெருவின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் நிரல் அதை மூன்று தெருவாகவே எண்ணும். அங்கே குடியிருப்பவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அவரைக் கூப்பிடுவதே இதற்குத்தான்.

பராமரிப்பவர் யார் என்று முடிவாகாமல் வெளியிட வேண்டாம்: மூலக் கோப்பில் ஒரு நெடுவரிசையின் பெயர் மாறினாலே செயலி நின்றுவிடும்.