புதுக் கேமராவை மதுரை திருமலை நாயக்கர் மகாலில் வைத்துப் பழகுவது எப்படி?

பெட்டியைப் பிரித்ததும் பேட்டரியை முழுசாகச் சார்ஜ் ஏற்றுங்கள். மெமரி கார்டைக் கேமராவில் போட்டு, அதன் மெனுவிலேயே பார்மட் செய்யுங்கள். கழுத்துப் பட்டையையும் மாட்டிவிட்டால் வீட்டு வேலை முடிந்தது.

அடுத்து, மேலே இருக்கும் டயல். எல்லாவற்றையும் நாமே வைக்கும் 'எம்' மோடில் எடுத்தால்தான் போட்டோகிராபர் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 'ஏ' மோடில் வையுங்கள். கேனானில் அது 'ஏவி'. லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்வீர்கள், ஷட்டர் வேகத்தை, அதாவது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை, கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓவை (கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற எண்) ஆட்டோவில் விட்டு, உச்ச அளவை 3200 என்று வையுங்கள்.

சரி, எங்கே போய்ப் பழகுவது? மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கேமராவை விடமாட்டார்கள். திருமலை நாயக்கர் மகாலுக்குப் போங்கள். வெயில் அடிக்கும் முற்றமும் அதைச் சுற்றி நிழலான தூண் வரிசையும் அங்கே ஒன்றாகக் கிடைக்கும்.

வரிசையின் ஒரு முனையில் நின்று, ஜூம் செய்யாமல் 18 மி.மீ.-லேயே, லென்ஸ் திறப்பைக் காட்டும் எஃப் எண்ணை 8 வைத்து, கொஞ்சம் தள்ளி உள்ள தூணில் ஃபோகஸ் செய்து எடுங்கள். கிட்டத்தட்ட எல்லாத் தூணும் தெளிவாக விழும். பிறகு, கூட வந்தவரைப் பின்னணியிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். 55 மி.மீ. வரை ஜூம் செய்து, எஃப் எண்ணை முடிந்தமட்டும் குறையுங்கள். கேமராவோடு கூடவே வரும் லென்ஸில் பெரும்பாலும் 5.6 வரைதான் இறங்கும். கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்தால் பின்னால் உள்ள தூண்கள் மங்கும். எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும் என்பது முதலில் எல்லாரையும் குழப்பும்.

நிழலில் ஷட்டர் வேகத்தைக் கவனியுங்கள். ஜூம் செய்திருக்கும்போது 1/100 நொடியைவிட மெதுவாகப் போனால் கை ஆடுவது படத்தில் தெரியலாம். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது நிஜமான பாடம். ஒரு தூண் மட்டும் படம் முழுக்க நிறைவதுபோல எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறத் தூண் அழுக்குப் படிந்ததுபோல் வரும். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் ப்ளஸ்-மைனஸ் குறி போட்ட பட்டனை அழுத்தி +1, அதாவது ஒரு படி கூடுதல் வெளிச்சம், வையுங்கள். தூண் தன் நிறத்துக்கு வந்துவிடும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக் குவியலை எடுக்கும்போதும் இதேதான். கறுப்புக் காளை என்றால் தலைகீழ்: −1 வைக்காவிட்டால் வெளுத்துப்போகும். என்னைக் கேட்டால், மற்ற செட்டிங் எல்லாம் இந்த ஒரு பட்டனுக்கு அப்புறம்தான். வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள், பல கேமராக்களில் அது தானாகத் திரும்பாது.

பிறகு கணினியில் திருத்துவதற்கான ரா ஃபைல் இப்போதைக்கு வேண்டாம், அப்படியே பார்க்கவும் அனுப்பவும் முடிகிற ஜேபெக் போதும்.

பொங்கலுக்கு அலங்காநல்லூர் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் டயலை ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கும் 'எஸ்'ஸுக்கு மாற்றுங்கள் (கேனானில் 'டிவி'). ஷட்டர் 1/1000, ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் வகை. அதற்கு முன்னால் தெருவில் ஓடும் பிள்ளைகளை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். வாடிவாசலைத் தாண்டிய காளை உங்கள் மெனு தேடலுக்காக நிற்காது.