உள்வாங்கிய காம்புக்குப் பால் பம்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் புதிதாகத் தாயான தமிழ்ப் பெண்கள் சிலர், பம்ப் வாங்கிய கையோடு என்னை அழைத்துப் பேசுவதுண்டு. எனக்கு இரு பக்கமும் காம்பு உள்வாங்கியிருந்ததும், இரண்டு பிள்ளைகளுக்கும் பம்பின் துணையோடுதான் பால் கொடுத்தேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பேச்சு எங்கே தொடங்கினாலும், "வலிக்கிறது அக்கா, ஆனால் பொறுத்துக்கொண்டால்தானே காம்பு வெளியே வரும்?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். வலியைப் பொறுத்தால் பலன் கிடைக்கும் என்ற அந்த எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும் என்பதே என் பதில்.

காம்பின் அடியிலுள்ள பால் நாளங்கள் குட்டையாக இருப்பதாலோ, நார்த்திசு காம்பை உள்நோக்கிப் பிடித்து இழுப்பதாலோதான் அது உள்ளே நிற்கிறது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல அழுத்தினால், சிலருக்குக் காம்பு எளிதாக எழுந்து சற்று நேரம் நிற்கும். சிலருக்கு எழுந்த உடனே திரும்பிவிடும். மிகச் சிலருக்கு எழவே எழாது. முதல் இரண்டு நிலைகளில் பம்ப் பெரும்பாலும் நன்றாக உதவும். மூன்றாம் நிலையில், உள்ளே இறுகக் கட்டப்பட்டதைக் காற்றின் இழுவையால் மட்டும் அவிழ்த்துவிடலாம் என்று எண்ணி நாள்தோறும் முயல்வது புண்ணில்தான் முடியும்.

ஆகவே இழுவையை எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் வைப்பதுதான் முதல் தவறு. என் முதல் பிரசவத்தின் மூன்றாம் நாள், மருத்துவமனையில் உதவிக்கு வந்தவர் பம்பை அதன் கடைசி அளவுக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். பத்து நிமிடத்தில் காம்பில் கொப்புளம் எழுந்து, புட்டியில் பாலோடு இரத்தமும் இறங்கியது. கூடுதலாக இழுத்தால் கூடுதலாகப் பால் வரும் என்பது உண்மையன்று. மிகையான இழுவையில் காம்பும் கருவட்டமும் வீங்கிப் பால் வரும் வழியை நெருக்குகின்றன. வலியும் பதற்றமும் பாலை இறக்கிவிடும் ஆக்சிடோசின் என்ற இயக்குநீரைத் தடுக்கின்றன. முதலில் குறைந்த இழுவையில், வேகமான தாளத்தில் ஓரிரு நிமிடங்கள் ஓடவிட்டு, பால் இறங்கத் தொடங்கியதும் மெதுவான தாளத்துக்கு மாற்றி, இழுவையை ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். உறுத்தல் தெரிகிற படியிலிருந்து ஒரு படி இறக்கி வைத்தால், அதுவே உங்களுக்கான அளவு. தோழிக்குப் பொருந்திய எண் உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை. உங்கள் வலது பக்கத்துக்குப் பொருந்தியது இடது பக்கத்துக்கே பொருந்தாமல் போகலாம்.

இரண்டாவது தவறு புனலின் அளவில் நேர்வது. எனக்குத் தெரிந்தவரை பலருடைய வலிக்கும் காரணம் இதுதான். ஃப்ளேஞ்ச் என்று சொல்லப்படும் அந்தப் புனல், பெட்டியில் பெரும்பாலும் 24 மில்லிமீட்டரிலோ 28 மில்லிமீட்டரிலோ வருகிறது. வந்ததை அப்படியே பொருத்திக்கொள்கிறோம், அல்லது கருவட்டத்தின் அகலத்தைப் பார்த்துப் பெரியதாக வாங்கிவிடுகிறோம். அளக்க வேண்டியது கருவட்டத்தை அன்று, காம்பின் அடிப்பகுதியின் குறுக்களவை. உள்வாங்கிய காம்பை உள்ளே இருக்கும்போது அளக்க முடியாது. விரலாலோ குறைந்த இழுவையில் ஒரு நிமிடம் பம்பாலோ எழச் செய்து, உடனே அளந்து, அதோடு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் சேர்த்துக்கொள்ளலாம். புனல் பெரிதானால் கருவட்டமும் அதன் குழாய்க்குள் இழுபட்டு வீங்கும். சிறிதானால் காம்பு சுவரில் உரசி நுனி வெளுக்கும். பெரிய புனலைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, அதன் உள்ளே பொருத்தும் சிலிக்கோன் வளையங்கள் பல அளவுகளில் கிடைக்கின்றன. சில வாரங்கள் பம்ப் செய்தபின் காம்பு முன்பைவிட நீண்டு வரலாம் என்பதால் மறுபடி அளந்து பார்ப்பது நல்லது.

புனலைப் பொருத்துகிற விதமும் முக்கியம். காம்பு உள்ளே இருக்கும்போது அதன் குழி குழாயின் நடுவில் இருக்கிறதா என்று பாராமல் வைத்தால், எழுந்து வருகிற காம்பு ஒரு பக்கச் சுவரிலேயே உரசிக்கொண்டிருக்கும். சற்று முன்னால் குனிந்து நடுவாக வைத்து, காற்றுப் புகாத அளவுக்கு மட்டும் பிடித்தால் போதும்; மார்பில் அழுந்தப் பதித்தால் ஓரத்திலுள்ள நாளங்கள் நசுங்கும். புனலின் உட்பக்கம் ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவினால் உரசல் நன்றாகக் குறையும். பம்பைக் கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல், முதலில் அணைத்துவிட்டு ஓரத்தில் விரல் நுழைத்துக் காற்றை விட வேண்டும்.

பிரசவித்த முதல் இரண்டு நாள்கள் பம்பில் ஒன்றும் விழவில்லை என்று கலங்குவதும், அதைக் கண்டு பெரியவர்கள் பால் பவுடர் டப்பாவைத் திறப்பதும் வழக்கமாக நடக்கின்றன. சீம்பால் கெட்டியானது, அளவிலும் சிறிது. பம்பின் உறுப்புகளிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அந்நாள்களில் கையால் பிழிந்து கரண்டியில் பிடிப்பதே மேல். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் கட்டி மார்பு கல்லாகும்போது, எழுகிற காம்பும் தட்டையாகிவிடும். அப்போது அப்படியே பம்பை வைப்பது பெருந்தவறு. காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, மார்பை நோக்கி உள்வாக்கில் ஒரு நிமிடம் மென்மையாக அழுத்தினால் வீக்கம் பின்வாங்கிக் கருவட்டம் இளகும். அதன்பின் பம்ப் செய்தால் பால் வரும்.

பம்புக்குப் பதிலாகச் சிரிஞ்சால் காம்பை வெளியே இழுக்கும் முறை நம் நாட்டுப் பெண்களுக்குப் புதிதன்று. கர்நாடகத்தின் தாவணகெரே மருத்துவர்கள் இதைப் பயன்படுத்திப் பார்த்து 1993-இல் ஆய்விதழில் எழுதினார்கள். 10 அல்லது 20 மில்லி சிரிஞ்சின் ஊசி பொருத்தும் முனையை வெட்டிவிட்டு, உள்ளே இழுத்துத் தள்ளும் தண்டை அந்த வெட்டிய பக்கமாக நுழைக்க வேண்டும். மழுங்கிய மறுபக்கமே தோலில் பட வேண்டும். தண்டை மாற்றாமல், வெட்டிய கூரிய ஓரத்தையே மார்பில் வைத்துக் காயப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை மெல்ல இழுத்தால் போதும்.

கர்ப்பத்திலேயே பம்பையோ சிரிஞ்சையோ தொடங்கிவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். காம்பைத் தூண்டுவது கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடும். கர்ப்ப காலத்தில் காம்பை வெளியே இழுக்கும் பயிற்சியும் மார்பில் அணியும் கிண்ணங்களும் பின்னர் பால் கொடுப்பதற்கு உதவவில்லை என்று இங்கிலாந்தில் 1992-இல் வெளிவந்த ஆய்வும் கண்டது.

மும்பைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. மழைக்காலத்தின் ஈரக் காற்றில், பம்ப் செய்து முடிந்ததும் பால் ஈரத்தோடு காம்பு உள்ளே போய்விடுகிறது. அந்த மடிப்பில் தோல் ஊறி வெடித்து, பூஞ்சைத் தொற்றும் வரலாம். காம்பு வெளியே நிற்கும்போதே மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, சில நிமிடங்கள் காற்றாட விட்ட பிறகே உள்ளாடை அணிய வேண்டும். பால் கசிவை உறிஞ்ச உள்ளாடைக்குள் வைக்கும் பஞ்சு அட்டையை ஈரமானதும் மாற்றிவிட வேண்டும். லோக்கல் ரயிலில் ஒன்றரை மணி நேரம் நின்று போகிறவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கைப்பையில் இரண்டு மாற்று அட்டைகள் இருக்கட்டும்.

பம்ப் இருக்கிறதே என்று குழந்தையை மார்பில் போடுவதையே நிறுத்திவிடுவதும் வேண்டாத அவசரம். குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதில்லை, கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வுகிறது. ஓரிரு நிமிடம் பம்ப் செய்து காம்பு எழுந்தவுடன் போட்டால் பல குழந்தைகள் பழகிக்கொள்ளும். ஒரு பக்கம் ஒத்துழைக்கவே இல்லை என்றால், மறுபக்கத்தில் மட்டும் கொடுத்தும் வளர்க்கலாம். குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, தாய்க்குப் பாலும் எடுக்க வரவில்லை என்றால், தானப் பால் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் தாராவிக்கு அருகில், நம் சயான் மருத்துவமனையில்தான் தொடங்கப்பட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் இளம் வயது முதலே உள்வாங்கியிருக்கும் காம்புக்கு. நேற்றுவரை வெளியே இருந்த காம்பு புதிதாக, குறிப்பாக ஒரு பக்கம் மட்டும், உள்ளே போனாலும், கட்டி தட்டுப்பட்டாலும், காய்ச்சலோடு மார்பு சிவந்தாலும், பாலில் இரத்தம் சில நாளில் நிற்காவிட்டாலும், பம்பின் அளவை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.